சதுரங்கக் காய்ப்பெயர்கள்: கடன்சொல்லும் பொருள்மாற்றமும்

1. முன்னுரை

ஒரு கலைச்சொல் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு இரு வழிகளில் செல்லக்கூடும். அதன் பொருள் பெயர்க்கப்படலாம்; அல்லது அதன் ஒலி மட்டும் எடுத்துக்கொள்ளப்படலாம். முன்னதைப் பொருள்பெயர்ப்பு என்றும் பின்னதை ஒலிக்கடன் என்றும் கொள்ளலாம். இவ்விரண்டின் பின்விளைவுகள் வேறுவேறானவை. அவற்றை ஒப்பிட்டு அறிவதற்கு, ஒரே சொல்தொகுதி பல மொழிகளின் வழியே நெடுங்காலம் பயணம் செய்த வரலாறு வேண்டும். சதுரங்கத்தின் ஆறு காய்ப்பெயர்கள் அத்தகையதொரு தொகுதியாகும். பொருளோடு சென்ற பெயர்கள் பெரும்பாலும் நிலைத்தன என்பதையும், ஒலியாக மட்டும் சென்ற பெயர்களில் ஏற்ற சமூகம் தன் உருவத்தை நிரப்பிக்கொண்டது என்பதையும் இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது.

2. இந்தியாவிலிருந்து அரபு நாடுகளுக்கு

சதுரங்கம் என்னும் வடசொல் நான்கு உறுப்புடையது எனப் பொருள்படும்; தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையைக் குறிக்கும். ஏழாம் நூற்றாண்டில் பாணபட்டர் இயற்றிய ஹர்ஷசரிதத்தில், படை, ஆட்டம் ஆகிய இரு பொருளும் தோன்ற இச்சொல் சிலேடையாக ஆளப்பட்டுள்ளது. நால்வகைப் படையோடு அரசனும் அமைச்சனும் பலகையில் இடம்பெற்றனர்.

இவ்வாட்டம் இந்திய மன்னனிடமிருந்து பாரசீகப் பேரரசன் குஸ்ரு அனுஷிர்வானின் (531-579) அவைக்கு வந்ததாகப் பகலவி மொழி நூலொன்று கதை கூறுகிறது. பாரசீகர் ஆட்டத்தின் பெயரைச் சத்ரங் என ஒலிக்கடனாகக் கொண்டனர். காய்களின் பெயர்களையோ தம் மொழிச் சொற்களாலேயே வழங்கினர். அரசன் ஷா, அமைச்சன் ஃபர்ஸீன், யானை பீல், குதிரை அஸ்ப், தேர் ருக், காலாள் பியாதா எனப்பட்டன.

அரபியர் ஏழாம் நூற்றாண்டில் பாரசீகத்தை வென்றபின் இவ்வாட்டம் ஷத்ரஞ்ச் என்னும் பெயரில் அவர்களிடையே பரவியது. குதிரையை அவர்கள் ஃபரஸ் எனப் பொருள்பெயர்த்தனர். யானைக்கு ஃபீல் என்னும் சொல் அரபியில் முன்னரே வழங்கியது. ஷா, ஃபிர்ஸ், ருக், பைதக் ஆகிய நான்கும் பாரசீக ஒலியையே தழுவின. பகர ஒலி இல்லாத அரபியில் பியாதா பைதக் ஆயிற்று.

3. ஐரோப்பாவில் இரு போக்குகள்

அரபியரிடமிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றபோது அரசன், குதிரை, காலாள் ஆகிய மூன்றும் பொருள்பெயர்ப்பாகச் சென்றன. இவற்றில் மாற்றம் குறைவே. ஸ்பானிய மொழியிலும் இத்தாலியத்திலும் ருஷ்யத்திலும் குதிரை குதிரையாகவே உள்ளது. பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகியவற்றில் அதன்மேல் அமர்ந்த வீரனாயிற்று. காலாள் ஜெர்மன் மொழியில் உழவனானது தொலைவான மாற்றம்.

ஏனைய மூன்றின் வரலாறு வேறு. அரபியின் அல் என்னும் சுட்டோடு ஃபீல் சேர்ந்து ஸ்பானிய மொழியில் அல்ஃபில் ஆயிற்று. இச்சொல்லில் யானை இருப்பதைக் கேட்போர் உணர வழியில்லை. இஸ்லாமிய நாடுகளில் உருவம் தவிர்த்துச் செதுக்கப்பட்ட காய்களில் யானையின் தந்தங்கள் இரு முனைகளாக மட்டுமே எஞ்சியிருந்தன. பெயரும் உருவமும் இவ்வாறு பொருளிழந்த நிலையில், ஆங்கிலேயர் அதனைப் பிஷப்பாகவும், பிரெஞ்சுக்காரர் கோமாளியாகவும், ஜெர்மானியர் ஓடுபவனாகவும், இத்தாலியர் கொடி ஏந்துபவனாகவும் கொண்டனர். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1831இல் கண்டெடுக்கப்பட்ட பன்னிரண்டாம் நூற்றாண்டுக் காய்களில் பிஷப்புகள் சமயத் தலைப்பாகையுடன் காணப்படுகின்றனர். இச்சொல்லைப் பொருள்பெயர்த்துக்கொண்ட ருஷ்ய மொழியில் இன்றும் அக்காய் யானையே என்பது நோக்கத்தக்கது.

ருக் என்பது இத்தாலிய மொழியில் ரோக்கோ ஆகி, கோட்டை எனப் பொருள்படும் ரோக்கா என்னும் சொல்லை ஒத்து ஒலித்தது. இவ்வொலியொப்புமையும் தேர் கோபுரமாகத் துணைசெய்தது. இது மக்கள் சொற்பிறப்பியலின் பாற்படும். பின்னர்ப் பெயரே கோபுரத்தைக் குறிக்கும் டோர்ரே என மாறியது. எனினும் அரசனைக் கோட்டைக்குள் நகர்த்தும் செயலைக் குறிக்கும் பிரெஞ்சு ரோக்கே, ஸ்பானிய என்ரோக்கே, ஜெர்மன் ரோஷாடே ஆகியவற்றில் பழைய ருக் இன்றும் வாழ்கிறது. பெயர்ச்சொல் இழந்ததைச் செயலைக் குறிக்கும் ஆக்கச்சொல் காத்துள்ளது.

4. அமைச்சன் அரசியான வரலாறு

அரசி ஆற்றல் பெற்றதனால் அமைச்சனின் இடத்திற்கு வந்தாள் எனக் கருதுவோர் உளர். காலவரிசை இதற்கு இடந்தரவில்லை. பத்தாம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்த, சுவிட்சர்லாந்தின் ஐன்சீடெல்ன் மடத்து இலத்தீன் செய்யுளிலேயே இக்காய் ரெஜீனா, அதாவது அரசி எனப்படுகிறது. அக்காலத்தில் அது மூலைவாட்டில் ஒரு கட்டம் மட்டுமே நகரும் எளிய காய். இன்றைய ஆற்றலை அது பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில்தான் பெற்றது. 1497இல் லூஸேனா எழுதிய ஸ்பானிய நூலில் பழைய, புதிய ஆட்டமுறைகள் இரண்டும் இடம்பெற்றுள்ளன. எனவே ஆற்றலுக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் முன்னரே பெயர் மாறிவிட்டது. அரசனின் அருகில் நிற்பது யார் என்னும் வினாவுக்கு ஐரோப்பிய அவையின் மனப்படிமம் தந்த விடையே அரசி எனலாம்.

மொழிபெயர்ப்பாளருக்கு இதில் உண்மையான இடர்ப்பாடு உண்டு. பதினான்காம் நூற்றாண்டில் சாசர் இயற்றிய சீமாட்டியின் நூல் என்னும் ஆங்கிலக் காவியத்தில், ஊழ் தன்னோடு சதுரங்கமாடித் தன் ஃபெர்ஸ் என்னும் காயைக் கவர்ந்துகொண்டது என வீரனொருவன் வருந்துகிறான். அவன் குறிப்பது இறந்துபோன தன் காதலியை. ஃபெர்ஸ் பாரசீக ஃபர்ஸீனின் திரிபு. அதனை அமைச்சன் எனப் பெயர்த்தால் காதலி மறைகிறாள். ராணி எனப் பெயர்த்தால், பலகையின் மிகவலிய காயை அவன் இழந்தான் என இன்றைய வாசகர் கொள்வர். அவன் இழந்ததோ வலிமையை அன்று, அருகிலிருந்த துணையை. இவ்விடத்தில் துணைவி போன்றதொரு சொல்லே கவிதையின் பொருளுக்கு நெருங்கியதாகும்.

5. இந்திய மொழிகளில்

இந்திய மொழிகளுக்குள்ளும் பெயர்கள் இடம்மாறியுள்ளன. இந்தியில் மூலைக்காய் யானை, பிஷப் ஒட்டகம். வங்காளியில் மூலைக்காய் படகு, பிஷப் யானை. இந்தியின் ஹாத்தியை வங்காளியில் யானை எனவே பெயர்த்தால் ஆட்டமே பிழைபட்டுவிடும். வங்காளியில் மந்திரி அரசனின் அருகிலுள்ள காய். தமிழிலோ அவ்விடத்தில் ராணி நிலைபெற்றுவிட, மந்திரி என்னும் சொல் பிஷப்பைக் குறிக்கவும் வழங்குகிறது.

இப்பெயர்மாற்றம் அரசியல் மாற்றத்தோடு இணைந்து வரும் இடமும் உண்டு. பிரேம்சந்தின் சிறுகதையைத் தழுவிச் சத்யஜித் ராய் 1977இல் எடுத்த ஷத்ரஞ்ச் கே கிலாடி திரைப்படம், ஆங்கிலேயர் அவத் அரசைக் கைப்பற்றிய 1856ஆம் ஆண்டு லக்னோவைக் காட்டுகிறது. ஆங்கில ஆட்டத்தில் அமைச்சருக்குப் பதிலாக ராணி இருப்பதை அங்குள்ள நவாபுகள் வியப்புடன் கேட்கின்றனர். இறுதியில், அமைச்சர் விலகி விக்டோரியா ராணிக்கு வழிவிடட்டும் என்னும் கருத்துடன் ஆங்கில முறையில் ஆடத் தொடங்குகின்றனர். அரியணை இழந்த மன்னரின் பெயர் வாஜித் அலி ஷா. ஷா என்பது பலகையின் அரசனுக்குரிய பெயருமாகும்.

அதே ஷா பழைய பிரெஞ்சு வழியே ஆங்கிலத்தில் செக் ஆகி, எதிரியைத் தடுத்தல் என்னும் பொதுப்பொருளும் பெற்றுத் தமிழுக்கு வந்துள்ளது. அரசியல் செய்திகளில் ஒருவருக்குச் செக் வைத்தல் எனும்போது அச்சொல்லுக்குள் ஓர் அரசன் இருப்பதை எவரும் நினைப்பதில்லை.

6. முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் இரண்டு கருத்துகள் பெறப்படுகின்றன. ஒலிக்கடன் மூலத்தைக் காக்கும் எனப் பொதுவாகக் கருதப்படினும், அது ஒலியையே காக்கிறது. பொருளின் இடம் வெறுமையாகி, ஏற்கும் சமூகத்தின் கைக்குச் செல்கிறது. கலைச்சொல் ஆக்குவோர் இதனை அறிந்தே வழியைத் தேர்தல் வேண்டும். அடுத்து, பழைய நூலில் வரும் காய்ப்பெயரை இன்றைய இணைச்சொல்லால் பெயர்க்குமுன், அந்நூலின் காலத்தில் அக்காய் எங்கு நின்றது, எவ்வாறு நகர்ந்தது என ஆராய்தல் வேண்டும். அகராதி இன்றைய பெயரை மட்டுமே தரும். அன்றைய பலகையை மொழிபெயர்ப்பாளரே மீட்டெடுக்க வேண்டியவராகிறார்.