திரிசூலி மின்சாரம் போன வழி

இமயத்தில் பனி உருகி மழையும் சேரும்போது நேபாளத்தின் திரிசூலி ஆறு நுங்கும் நுரையுமாக வரும். அதில் ஒரு பங்கை வாய்க்காலில் திருப்பி, சுழலியைச் சுற்றவைத்து, மறுபடி ஆற்றிலேயே விடுகிறார்கள். அந்தத் தண்ணீர் நாராயணியாகி, பீகாரில் கண்டக் ஆகி, பாட்னா அருகே கங்கையில் கலந்து, வங்கதேசத்தில் பத்மா என்ற பெயரோடு பேராமாரா பக்கமாகப் போகிறது. அது பிறப்பித்த மின்சாரமும் இன்று அதே பேராமாராவுக்குத்தான் போய்ச் சேருகிறது. ஆனால் அதற்கு மூன்று நாடுகளின் சம்மதம் வேண்டியிருந்தது.

2024 ஜூலை இறுதியில் நடக்கவிருந்த முத்தரப்பு மின்விற்பனை ஒப்பந்தக் கையெழுத்து, டாக்காவில் வெடித்த கிளர்ச்சியால் தள்ளிப்போனது. வங்கதேசத்தில் ஆட்சியே மாறியது. ஆனாலும் புதிய இடைக்கால அரசு ஒப்பந்தத்தைக் கைவிடவில்லை. அக்டோபர் 3-ல் காத்மாண்டுவில் கையெழுத்தானது. இந்த முயற்சியில் எனக்குப் பெரிதாகப் படுவது, ஆட்சி மாறியும் ஒப்பந்தம் நிலைத்ததுதான். நவம்பர் 15-ல் ஒரே ஒரு நாள் மின்சாரம் போனது. முறையான விற்பனை 2025 ஜூன் 15-ல் தொடங்கியது. அளவு 40 மெகாவாட், யூனிட்டுக்கு 6.4 அமெரிக்க சென்ட்.

திரிசூலி, சிலிமே நிலையங்களின் பெயரில் விற்கப்படும் இந்த மின்சாரம் நேபாளத்தின் தல்கேபரில் 400 கிலோவோல்ட் கம்பியேறி எல்லை தாண்டுகிறது. பீகாரின் முசாபர்பூரில் மீட்டர் கணக்கெடுக்கிறது. அதன்பின் அது இந்திய மின்தொகுப்பில் கலந்துவிடும். முசாபர்பூரில் செலுத்திய அளவை மேற்கு வங்கத்தின் பஹரம்பூர் வழியாக வங்கதேசம் எடுத்துக்கொள்கிறது. இரு நாட்டு மின்தொகுப்புகளின் அலைகளும் ஒத்திசைந்து ஓடுவதில்லை. அதனால் பேராமாரா நிலையத்தில் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கி, உடனே மறுபடி மாறுமின்னோட்டமாக்குகிறார்கள். 2013-ல் 500 மெகாவாட்டோடு தொடங்கிய அந்த நிலையம் 2018-ல் 1,000 மெகாவாட்டாக வளர்ந்தது.

ஆண்டுதோறும் நவம்பர் பாதியில் விற்பனை நின்றுவிடும். குளிர்காலத்தில் ஆறு மெலிந்ததும் இதே தல்கேபர் கம்பி வழியாக நேபாளம் இந்தியாவிடம் மின்சாரம் வாங்குகிறது. பத்தாண்டுக்கு முன்பு வறண்ட மாதங்களில் நாளில் பாதிக்கு மேல் மின்வெட்டில் கிடந்த நாடு, இன்று மழைக்காலத்தில் விற்கிறது என்பதே பெரிய மாற்றம்.

40 மெகாவாட் வங்கதேசத்தின் தேவைக்கு யானைப்பசிக்குச் சோளப்பொரிதான். அளவைக் கூட்ட வேண்டுமானால் பாதையும் பெருக வேண்டும். சிலிகுரி அருகே நேபாளத்தையும் வங்கதேசத்தையும் பிரிப்பது இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர் இந்திய நிலம் மட்டுமே. மின்சாரமோ பீகாரையும் மேற்கு வங்கத்தையும் சுற்றிப் போகிறது. அந்தக் குறுகிய நிலத்தின் வழியாக ஒரு நேர்க்கம்பி இழுக்க இந்தியா இடம் கொடுக்க வேண்டும்.