கரிசலில் விளைந்த பால் காளான்

எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் காளான் என்றால் இடி இடித்த மறுநாள் புற்றோரம் தேடிப் பறிப்பதுதான். அந்தப் புற்றுக் காளானை இன்றைக்கும் படுக்கை போட்டு வளர்க்க வழியில்லை. கறையான் இல்லாமல் அது வராது. நான் குடிலில் எடுப்பதை என் அம்மா கடைசிவரை காளான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

வைக்கோலில் காளான் எடுக்கலாம் என்று கோயம்புத்தூரில் கே. எம். தாமஸும் சகாக்களும் 1943இலேயே காட்டிவிட்டார்கள். அவர்கள் எடுத்தது வைக்கோல் காளான். ருசியில் குறை சொல்ல முடியாது. ஆனால் பறித்த அன்றே விரிந்து கெட்டுவிடும். சந்தைவரை தாங்காத சரக்கைச் சம்சாரி எதை நம்பிப் போடுவான்? 1961இல் இமாசலத்துச் சோலனில் தொடங்கிய மொட்டுக் காளானுக்குக் குளிர் வேண்டும். ஊட்டிக்காரர்களுக்குச் சரி. சிப்பிக் காளான் சமவெளிக்கு இறங்கி வந்தது, என்றாலும் எங்கள் சித்திரை வெயிலில் அதுவும் சுணங்கிவிடும்.

பால் காளானை 1974இல் வங்காளத்தில் புர்காயஸ்தாவும் சந்திராவும் கண்டு எழுதினார்கள். இருபது வருஷத்துக்கு மேல் அதைப் பெரிதாக எடுத்துச் செய்தவர் இல்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம்தான் அதை வளர்க்கும் முறையைச் சீர்செய்து, 1998இல் ஏ.பி.கே. 2 என்ற ரகமாக வெளியிட்டது. ஏ.பி.கே. என்றால் எங்கள் ஊர்தான். 30 முதல் 35 டிகிரி வெப்பம் அதற்குத் தோதானது. மற்ற பயிரைக் கருக்குகிற வெயில் இதற்கு மட்டும் உரம்!

வைக்கோலை இரண்டு அங்குலத் துண்டாக நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, பிழிந்தால் நீர் சொட்டாத பதத்துக்கு உலர்த்த வேண்டும். இந்தப் பதம்தான் முக்கால் வேலை. பிறகு பையில் அடுக்கடுக்காகத் திணித்து, ஊடே சோளத்தில் வளர்த்த வித்தைத் தூவுகிறோம். வெள்ளை இழை முழுக்கப் பரவியதும் பையைக் குறுக்கே இரண்டாக அறுத்து, மேலே வேகவைத்த மண்ணைப் போர்த்துவோம். குடில் பாதி பூமிக்குள் இறங்கி, மேலே நீலப் பாலித்தீன் கூரை போட்டிருக்கும். கரிசலில் நெல் குறைவு என்பதால் வைக்கோலை ராஜபாளையம் பக்கமிருந்து ஏற்றி வருகிறோம். அறுவடை முடிந்த வைக்கோல் மண்புழுத் தொட்டிக்குப் போகிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பையில் பச்சைப் பூசணம் தெரிகிற வித்தை விலை குறைவு என்று வாங்காதீர்கள். குடிலே பாழாகும்.