பிழைநீக்கக் கூற்று அகற்றிகள்

பிழைநீக்கக் கூற்று அகற்றிகள் என்பவை, நிரலாளர் பிழை தேடும்போது தற்காலிகமாக எழுதிய வரிகளை மூலநிரலில் கண்டறியும் அல்லது நீக்கும் கட்டளைவரிக் கருவிகள். ஜாவாஸ்கிரிப்டில் கன்சோல்.லாக், டீபக்கர், பைத்தானில் பிரிண்ட், பிரேக்பாயின்ட், ரஸ்ட்டில் டிபிஜி மேக்ரோ ஆகியவை இவற்றின் முதன்மை இலக்குகள்.

தேவை

மாறியின் மதிப்பைத் திரையில் அச்சிட்டுப் பார்ப்பது பிழை தேடும் எளிய வழி. அந்த வரி பயன்பாட்டுக்குப் போகும் நிரலில் தங்கிவிட்டால் தொல்லை தொடங்குகிறது. பைத்தான் 3.7இல் (2018) அறிமுகமான பிரேக்பாயின்ட், இயங்கும் நிரலை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். அதைவிடக் கவலைக்குரியது, கடவுச்சொல் போன்ற மறைவான தகவல்கள் பதிவுக் கோப்புகளில் சேர்வது. மென்பொருள் பலவீனங்களைத் தொகுக்கும் சிடபிள்யூஇ பட்டியலில் இதற்கு 532 என்ற எண் உண்டு.

செயல்முறை

இக்கருவிகள் இரு வகையில் இயங்குகின்றன. முதல் வகை, நிரலை வெறும் உரையாகப் பார்க்கிறது. பெல் ஆய்வகத்தில் 1973–74இல் லீ மெக்மான் உருவாக்கிய செட் கருவியைக் கொண்டு, குறிப்பிட்ட சொல் வரும் வரிகளை ஒரே கட்டளையில் அழிக்கலாம். ஆனால் நெளி அடைப்புக்குறி இல்லாத இஃப் நிபந்தனைக்குக் கீழே கன்சோல்.லாக் மட்டும் இருக்கும்போது அந்த வரியை அழித்தால், அடுத்த வரி நிபந்தனைக்குள் இழுக்கப்பட்டு நிரலின் பொருளே மாறிவிடும். பைத்தானிலோ தொகுதி வெறுமையாகி, இலக்கணப் பிழை எழும். பல வரிகளில் நீளும் அழைப்பின் முதல் வரி மட்டும் அழிவதும் உண்டு.

இரண்டாம் வகை, நிரலைப் பகுத்துத் தொடரியல் மரமாக மாற்றி, அதில் உரிய கணுக்களைத் தேடுகிறது. மேற்கோளுக்குள்ளோ குறிப்புரையிலோ வரும் அதே சொல்லை இது தவறாகப் பிடிப்பதில்லை.

முக்கியக் கருவிகள்

நிரலை இயக்காமலே குறை காணும் மரபு, 1978இல் ஸ்டீபன் ஜான்சன் சி மொழிக்காக எழுதிய லின்ட் கருவியிலிருந்து வளர்ந்தது. 2013இல் நிக்கோலஸ் சகாஸ் தொடங்கிய ஈஎஸ்லின்ட், கன்சோல் அழைப்புகளுக்கும் டீபக்கருக்கும் தனித்தனி விதிகளை வைத்திருக்கிறது. ப்ரீ-கமிட் தொகுப்பின் பைத்தான் சோதனை, பிரேக்பாயின்ட் அழைப்பையும் பிழைநீக்கி இறக்குமதியையும் கண்டால், கிட்டில் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கமிட்டைத் தடுக்கிறது. ரஸ்ட்டின் குறைகாண் கருவியான கிளிப்பி, டிபிஜி மேக்ரோவைச் சுட்டும் விதியைக் கொண்டுள்ளது. தேவைப்படுவோர் அதை இயக்கிக்கொள்ளலாம். ஜாவாஸ்கிரிப்ட் நிரலைச் சுருக்கித் தரும் டெர்சரும் ஈஎஸ்பில்டும் மூலக் கோப்பைத் தொடாமல், தாங்கள் உருவாக்கும் வெளியீட்டிலிருந்து மட்டும் இக்கூற்றுகளை விலக்க வல்லவை.

வரம்புகள்

ஈஎஸ்பில்டில் கன்சோலை விலக்கும் விருப்பத்தைத் தேர்ந்தால், அழைப்போடு அதன் உள்ளீடுகளும் போய்விடும். அங்கே எண்ணியைக் கூட்டும் கணக்கு இருந்தால் அதுவும் நடக்காது. உள்ளீடுகளின் பக்கவிளைவுகளைக் காக்க விரும்புவோருக்கு டெர்சர் வேறொரு விருப்பம் தருகிறது. மேலும், கட்டளைவரி நிரல் ஒன்றில் பிரிண்ட் என்பது பயனருக்கான விடையாகவே இருக்கலாம். மறந்த வரி எது, வேண்டி எழுதிய வரி எது என்பதை மரம் சொல்லாது. எனவே கமிட் நேரத்தில் கருவி சுட்டிக்காட்ட, நிரலாளர் பார்த்து நீக்குவதே பாதுகாப்பான முறை. வேண்டிய வரிகளை விதிவிலக்காக அறிவிக்கும் வசதி ஈஎஸ்லின்ட்டிலும் கிளிப்பியிலும் உள்ளது.