நுரைக்காத சோப்பும் எஞ்சிய உலோகமும்

இந்தியாவின் அருமண் உலோகங்களின் வரலாறு பெரும்பாலும் அணுசக்தியின் முன்கதையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவ்வரலாற்றில் இடம்பெறாதுபோன எளிய பொருள்களுள் ஒன்று, அருமண் உலோக சோப்பு.

1909இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அம்மணல் மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்கு உரியது. அன்று உலகம் நாடியது தோரியத்தையே. காஸ் விளக்கின் மேன்டிலில் 99 விழுக்காடு தோரியம் ஆக்சைடு, சீரியம் ஆக்சைடு 1 விழுக்காடுதான். மோனசைட்டிலோ தோரியத்தைக் காட்டிலும் அருமண் உலோகங்களே பன்மடங்கு மிகுதி. ஆகவே தோரியத்தைப் பிரித்தெடுத்தபின் சீரியமும் லாந்தனமும் நியோடிமியமும் எச்சமாகக் குவிந்தன. மேன்டிலைக் கண்டறிந்த ஆவர் வான் வெல்ஸ்பாக்கே, அவ்வெச்சத்திற்குப் பயன் தேடி, 1903இல் லைட்டர்களுக்கான தீப்பொறிக் கல்லை உருவாக்கினார்.

1950இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் தோன்றி, 1952இல் அதன் ஆலுவா ஆலை இயங்கத் தொடங்கிய பின்னரும் இம்மதிப்பீடு மாறவில்லை. தோரியம் நாட்டின் சேமிப்பாயிற்று. அருமண் குளோரைடு விற்பனைச் சரக்காயிற்று.

அந்தக் குளோரைடின் கரைசலில் சாதாரண சோப்புக் கரைசலைச் சேர்த்தால், சோடியத்தின் இடத்தை அருமண் உலோகம் பிடிக்கிறது. ஓர் உலோக அயனி மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகளைப் பற்றிக்கொண்டு வீழ்படிவாகிறது. கடின நீரில் சோப்பு நுரைக்காமல் திரிவதும் இவ்வகை வினையே. இந்த சோப்பு நீரில் கரையாது, அழுக்கும் நீக்காது. எண்ணெயோடு சேராத உலோகத்தை எண்ணெய்க்குள் கொண்டு செலுத்துவதே அதன் தனிச்சிறப்பு. சீரியம் சோப்பு வண்ணப்பூச்சை விரைந்து உலர்த்துகிறது. நியோடிமியத்தின் சோப்புகள், அலுமினியச் சேர்மங்களுடன் சேர்ந்து, டயர்களுக்கான செயற்கை ரப்பரை உருவாக்கும் வினையூக்கிகளாகின்றன.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆக்ரா பல்கலைக்கழக வேதியியலாளர்கள் இந்த சோப்புக் கரைசல்களின் மின்கடத்துதிறன், பாகுத்தன்மை, அவற்றில் ஒலி செல்லும் வேகம் ஆகியவற்றை அளந்து கட்டுரைகள் பல வெளியிட்டனர். வேதியியல் இதழ்களில் கிடைக்கும் இவ்வுழைப்பு, அறிவியல் வரலாற்று நூல்களில் அரிதாகவே பேசப்படுகிறது.

எது செல்வம், எது எச்சம் என்பதை மணல் தீர்மானிப்பதில்லை. அந்தந்தக் காலத்தின் தேவையே தீர்மானிக்கிறது. அருமண் வரலாற்றை எழுதப் புகும் ஆய்வாளர், அணுசக்தித் துறையின் கோப்புகளோடு பல்கலைக்கழக ஆய்வேடுகளையும் வண்ணப்பூச்சு ஆலைகளின் கொள்முதல் பதிவேடுகளையும் புரட்டியாக வேண்டும்.