இரும்புத் தாதிலிருந்து தொழில்துறை நிறமிகள்

எஃகு ஆலைக்குச் செல்லும் தாதின் மதிப்பு, அதிலுள்ள இரும்பின் அளவைப் பொறுத்தது. அதே தாது நிறமியாக மாற்றப்படும்போது அளவுகோல் வேறாகிறது. சாயலின் சீர்மை, துகளின் நுண்மை, நீரில் கரையும் உப்புகளின் அளவு ஆகியவற்றையே வண்ணப்பூச்சு உற்பத்தியாளர்கள் முதலில் சோதிக்கின்றனர். உப்பு மிகுந்தால், துருவைத் தடுக்கப் பூசப்படும் ‘ரெட் ஆக்சைடு’ பூச்சின் அடியிலேயே துரு தொடங்கிவிடும்.

இயற்கை நிறமிகளின் சிவப்புக்கு ஹேமடைட்டும், மஞ்சளுக்கு நீர் பிணைந்த கோதைட்டும், கறுப்புக்கு மேக்னடைட்டும் காரணமாகும். மாங்கனீசு கலந்த மண் பழுப்பு நிறம் தருகிறது. நம் நாட்டில் காவிக்கல் உற்பத்தியில் ராஜஸ்தான் முன்னிலை வகிக்கிறது. சித்தோர்கர், உதய்பூர் மாவட்டங்கள் குறிப்பிடத்தக்கவை. 2015 பிப்ரவரியில் மத்திய அரசு இதனைச் சிறு கனிமமாக அறிவித்ததால், குத்தகை விதிகளை வகுக்கும் அதிகாரம் மாநிலங்களிடம் உள்ளது.

வெட்டியெடுத்த கல் நொறுக்கப்பட்டு, நீரில் கலக்கப்படுகிறது. கனமான மணல் அடியில் தங்க, நுண்துகள் நீருடன் அடுத்த தொட்டிக்குச் செல்கிறது. பின்னர் அது உலர்த்தி அரைக்கப்பட்டு, காற்றோட்டத்தால் துகள் அளவு வாரியாகப் பிரிக்கப்படுகிறது. மஞ்சள் காவியைச் சிவப்பாக்க, சூளையில் சுமார் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றுவர். தூய கோதைட் தன் எடையில் சுமார் 10 சதவீதத்தை நீராவியாக இழந்து ஹேமடைட்டாகிறது. வெப்பம் மேலும் கூடினால் துகள்கள் பருத்து, சிவப்பு ஊதா கலந்த சாயலுக்கு மங்கும். இத்தொழிலில் சூளைப் பணியாளரின் கண்ணுக்கு இன்றும் மதிப்பு உண்டு. மஞ்சள் நிறமி சூட்டில் நிறம் மாறுவதால், உயர் வெப்பத்தில் வார்க்கப்படும் பிளாஸ்டிக்கிற்கு அது ஏற்றதன்று.

ஹேமடைட் முழுமையாக ஆக்சிஜனேற்றம் அடைந்த பொருள் என்பதால், வெயிலில் எளிதில் வெளுப்பதில்லை. மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்காவில் உள்ள பாறை ஓவியங்களின் சிவப்பு இன்றும் தெரிவதற்கு இதுவே முக்கியக் காரணம். சிமெண்ட் ஓடுகள், நடைபாதைக் கற்கள், ரப்பர் ஆகியவற்றுக்கு இந்நிறமி ஏற்றதாக இருப்பதும் இதனால்தான். எனினும், ஒரே சீரான சாயல் தேவைப்படும் இடங்களில் செயற்கை இரும்பு ஆக்சைடே விரும்பப்படுகிறது.

காவிக்கல்லில் களிமண்ணுடன் குவார்ட்ஸும் கலந்திருக்கும். உலர் நிலையில் அரைக்கும்போது எழும் அதன் நுண்தூசியைத் தொடர்ந்து சுவாசிப்போருக்கு, குணப்படுத்த இயலாத சிலிகோசிஸ் நுரையீரல் நோய் ஏற்படக்கூடும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இதனைக் கட்டாயம் தெரிவிக்கப்பட வேண்டிய தொழில்சார் நோயாகப் பட்டியலிட்டது. ஈர முறையில் அரைத்தல், மூடிய ஆலைகள், தூசி உறிஞ்சும் கருவிகள் ஆகியன இந்த ஆபத்தைக் குறைக்கும். துணியால் முகத்தைக் கட்டிக்கொள்வது இத்தூசிக்குப் போதுமான பாதுகாப்பு ஆகாது.