புள்ளிக் கோலம்

புள்ளிக் கோலம் என்பது வாசல் தரையில் முதலில் புள்ளிகளை இட்டு, பின் அவற்றை இணைத்தோ சுற்றியோ மாவினால் வரையப்படும் தற்காலிக ஓவியம் ஆகும். தாமரை, கொடி, மயில் போன்ற இயற்கை வடிவங்கள் இதில் மிகுதி. திருச்சிராப்பள்ளி சத்திரம் பேருந்து நிலையத்துக்கு வடக்கே, காவிரியைக் கடந்தால் வரும் திருவரங்கத்தின் வீதிகளில் மார்கழி விடியலில் இவற்றைக் காணலாம். பகலில் மிதிபட்டு அழிந்துவிடும். அரிசி மாவாயின் எறும்புகளுக்கும் உணவாகும். இன்று பரவலாக உள்ள கல்மாவுக்கு அப்பயன் இல்லை.

திட்டமிடல்

கோலத்தின் பரப்பும் வடிவமும் புள்ளி வைக்கும்போதே முடிவாகிவிடுகின்றன. "ஊடுபுள்ளி 15-8" எனில் நடுவரிசையில் 15 புள்ளிகள். மேலும் கீழும் வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து 8 இல் முடியும். மொத்தம் 169 புள்ளிகள் கொண்ட இவ்வறுகோணம் ஆறிதழ் மலர்களுக்கு ஏற்றது. "நேர்ப்புள்ளி 15-1" இரண்டிரண்டாகக் குறைந்து, 113 புள்ளிகளுடன் சாய்சதுரமாக அமையும். சிக்குக் கோலத்தில் ஒரு புள்ளி விடுபட்டாலும், ஒரே கம்பியாக முடிய வேண்டியது பல சுற்றுகளாகப் பிரிந்துவிடக்கூடும். அழித்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டியதுதான்.

கணினியியலில்

சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் இணைந்து 1974 இல் கோலங்களை இலக்கண விதிகளாக விவரித்தனர். தாவர வளர்ச்சியை விளக்க அரிஸ்டிட் லிண்டன்மேயர் 1968 இல் வகுத்த விதிமுறையாலும் கோலங்களை வரையலாம் என்பது பின்னர் காட்டப்பட்டது. செடி கிளைப்பதும் கம்பி சுழல்வதும், ஒரு சிறு விதியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால் விளைபவையே.