பாலைவன ரோஜா: வீட்டு வளர்ப்பு

அரளிக் குடும்பத்தைச் சேர்ந்த சதைப்பற்றுச் செடி. அறிவியல் பெயர் அடினியம் ஒபேசம். ஆப்பிரிக்காவின் வறண்ட நிலங்களும் அரேபியாவின் தென்பகுதியும் இதன் தாயகம். பெரம்பலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றங்கரையில் உள்ள லப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களின் மொட்டைமாடிக்கு இதைவிடப் பொருத்தமான பூச்செடி அரிது. அங்கே இதற்குப் பகை வெயில் அன்று, ஈரம்தான். பருத்த அடித்தண்டில் நீரைச் சேமிப்பதால் சித்திரை வெயிலைத் தாங்கும் செடி, ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேரழுகிச் சாகிறது. மாவட்டத்தில் பருத்திக்கு வாழ்வளிக்கும் கரிசல் மண், நீரைப் பிடித்து வைப்பதாலேயே இந்தத் தொட்டிக்கு ஆகாது. பருமணல், உடைத்த செங்கல், கொஞ்சம் மட்கிய எரு, அடியில் நல்ல துளை போதும். மழை நாளில் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்த வேண்டும்.

பாலைச் செடிக்குத் தண்ணீரே வேண்டாம் என்பார்கள். அது பாதி உண்மை. காயப்போட்டால் செடி சாகாது. ஆனால் இலையுதிர்த்து உறங்கிவிடும், பூக்காது. கோடையில் மண் நன்றாகக் காய்ந்தபின் தொட்டி நனைய ஊற்றுவதே முறை. நிழலான வரவேற்பறையில் வைத்தால் தண்டு நீளும், மொட்டு வராது. நச்சுச் செடியை வீட்டில் வளர்க்கலாமா என்ற கேள்வி நியாயமானது: இதன் பாலை ஆப்பிரிக்காவில் அம்பு நஞ்சாகவே பயன்படுத்தினர். அரளியை வேலியில் வளர்க்கும் நமக்கு அந்த எச்சரிக்கை புதிதல்ல. கிளை வெட்டியதும் கை கழுவுங்கள். குழந்தைகளுக்கும் ஆடுகளுக்கும் எட்டாத உயரத்தில் வையுங்கள்.